கர்தினால் உட்கார்ந்த நாற்காலி

அந்தக் கோயிலில் பீடத்துக்கு இடப்பக்கம், நற்கருணைப் பேழையிலிருந்து நாலடி தள்ளி, ஒரு நாற்காலி இருந்தது. தேக்கில் செய்தது. கைப்பிடி முனைகளில் சிங்க முகம், கால்களில் சிங்க நகம், முதுகுப் பலகை முழுக்கத் திராட்சைக் கொடி. சுற்றி நாலு பித்தளைக் கம்பங்கள் நட்டு, சிவப்பு வெல்வெட் கயிறு கட்டியிருந்தார்கள். முப்பத்தெட்டு வருடமாக அதில் யாரும் உட்கார்ந்ததில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரியும். ரோமிலிருந்து வந்த ஒரு கர்தினால், பூசையில் மற்றவர்கள் வாசகம் படிக்கும்போது, அதில் ஏழு நிமிடம் உட்கார்ந்திருந்தார். நூறாம் ஆண்டு மலரில் அப்படித்தான் அச்சாகியிருந்தது. ஏழு நிமிடம் என்று யார் பார்த்துச் சொன்னார்களோ தெரியாது. அச்சில் வந்துவிட்டால் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. பரீட்சைக்குப் போகிறவர்கள் அந்தக் கயிற்றைத் தொட்டுக் கும்பிட்டார்கள். கல்யாணம் முடிந்த ஜோடிகள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மூட்டுவலி உள்ள ஓர் அம்மாள் கயிற்றின் குஞ்சத்தைப் பிடித்தபடி ஒரு ஜெபமாலை முழுக்கச் சொல்லி முடிப்பார்.

கோயிலில் பார்க்க வேறு பொருள்களும் இல்லாமல் இல்லை. ஒரே கல்லில் குடைந்த திருமுழுக்குத் தொட்டி உண்டு. கப்பலில் வந்து இறங்கிய பிறகுதான் அது வாசலுக்குள் நுழையாது என்று தெரிந்ததாம். பக்கச் சுவரை இடித்து உள்ளே கொண்டுபோய், மறுபடி சுவர் கட்டினார்கள். பதினோரு படி வைத்த பிரசங்க மேடை உண்டு. நான்காவதாக வந்த பங்குச்சாமியார் உடம்பு பெருத்தவர். மூன்றாம் படியில் மாட்டிக்கொண்டு அன்று அங்கிருந்தே பிரசங்கத்தை முடித்தார். அதற்குப் பிறகு அந்த மேடையில் ஒலிபெருக்கிதான் குடியிருக்கிறது. சூசையப்பர் சுரூபத்தின் கையில் இருந்த லீலிமலர் எப்போதோ ஒடிந்துபோக, பிளாஸ்டிக் மலர் ஒன்றைச் செருகியிருந்தார்கள். வாரம் ஒருமுறை அதைக் கழற்றி சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். ஆனால் நாற்காலிக்கு இருந்த மவுசு இதில் எதற்கும் இல்லை.

இந்த நேரத்தில்தான் ஆயர் இல்லத்திலிருந்து கடிதம் வந்தது. அந்தக் கர்தினால் இறந்து பல வருடமாகிவிட்டது. இப்போது அவரை, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளராக உயர்த்தப்போகிறார்கள். அவர் இந்தப் பங்குக்கு வந்தபோது பயன்படுத்திய பொருள் ஏதாவது அருளிக்கமாக வைத்து வணங்கத் தக்கதாக இருந்தால் விவரமும் ஆதாரமும் ரோமுக்கு அனுப்ப வேண்டும். கோயிலுக்கும் அது நூற்றிருபத்தைந்தாம் ஆண்டு. பங்குப் பேரவைச் செயலாளர் கடிதத்தை மூன்று முறை வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

செயலாளர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். 'தீர்மானம் சார்' என்றால்தான் பங்கில் தெரியும். குழாயில் தண்ணீர் சொட்டினாலும் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவருவார். அது ஒருமனதாக நிறைவேறும். தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். ஆண்டு மலரில் கோயில் வரலாற்றை எழுதும் பொறுப்பும் அவருடையதே. "நம்ம கோயில்ல ஒரு அருளிக்கம்! அதுவும் இவ்வளவு பெரிய சைஸ்ல! மத்த கோயில்ல எல்லாம் நகக்கண் அளவுக்குத் துணியத்தான் கண்ணாடிக்குள்ள வச்சிருக்காங்க" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

அந்தக் கடிதத்தை முதலில் பிரித்தது ஆபீஸ் அக்கா. பங்கு அலுவலகத்துக்கு வரும் எல்லாக் கடிதத்தையும் அவர்தான் பிரிப்பார். பூசைச் சாமான்கள் வைக்கும் திருப்பண்ட அறையை ஒட்டியிருக்கும் சின்ன அறை அவருடையது. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், சுவர் முழுக்கப் பதிவேடுகள். ஞானஸ்நானம், திருமணம், இறப்பு என்று அந்தப் பங்கில் பிறந்தவர், கட்டியவர், போனவர் எல்லோரும் முப்பத்தொரு வருடமாக அவர் கையெழுத்து வழியாகத்தான் போய்வருகிறார்கள். ஐம்பத்தாறு வயது. தலைமுடி பாதி நரைத்திருந்தது, முதுகுவலி முழுதாக இருந்தது.

முதுகுவலிக்குக் காரணம் அவர் உட்காரும் பிரம்பு நாற்காலி. வேலைக்குச் சேர்ந்த அன்று சாமான் அறையிலிருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்தது. பின்னல் தொய்ந்துவிட்டது, அதற்குமேல் பாடகர் குழுவின் பழைய அங்கியைத் தைத்த ஒரு திண்டு. முதுகுப் பக்கத்து ஐந்து சட்டங்களில் மூன்றாவது இல்லை. வலது கைப்பிடியில் இஸ்திரிப் பெட்டி வைத்தது போல ஒரு கருகல். ஆடிய காலுக்கு அக்காவின் கணவர் வந்து இரும்புப் பட்டி அடித்துக் கொடுத்தார். அவர் எலக்ட்ரீசியன், தச்சு வேலையையும் கம்பி வேலை மாதிரியே செய்வார். புது நாற்காலி கேட்டு அக்கா ஒன்பது முறை மனு எழுதியிருக்கிறார். அதில் இரண்டு பேரவையின் பரிசீலனையில் இருந்தன. மற்ற ஏழும் எங்கே இருந்தன என்று அக்காவுக்கே தெரியும், கோப்புகளை அடுக்குவது அவர்தானே.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, நாற்பது வயதுப் பெண் ஒருத்தி அலுவலகத்துக்கு வந்தாள். அந்தக் காலத்தில் கோயிலுக்குப் படம் எடுத்த ஸ்டூடியோக்காரரின் மகள்.

"அப்பா போனதுக்கப்புறம் கடைய காலி பண்றோம்க்கா. இதுல கர்தினால் வந்தப்ப எடுத்த படம் எல்லாம் இருக்கு. தூக்கிப் போட மனசு வரல."

அக்கா நன்றி சொல்லி உறையை வாங்கி வைத்தார். அவள் போனபின் படங்களை ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினார். கர்தினால் காரிலிருந்து இறங்குகிறார். கர்தினால் குழந்தையை ஆசீர்வதிக்கிறார். கர்தினால் பீடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். பக்கவாட்டில் எடுத்த படம். அக்கா அதைக் கையில் எடுத்தார். சிங்க முகம் இல்லை. திராட்சைக் கொடி இல்லை. ஒரு பிரம்பு நாற்காலி. சிவப்பு அங்கிக்குப் பின்னால் முதுகுச் சட்டங்கள் தெரிந்தன. ஒன்று, இரண்டு, ஓர் இடைவெளி, நான்கு, ஐந்து.

அக்கா மெதுவாகக் கையைத் தன் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்த் தடவினார். ஒன்று, இரண்டு. அடுத்த இடத்தில் விரல் காற்றில் போனது.

சடாரென்று எழுந்து நின்றார். யாராவது பார்த்தார்களா என்று வாசலைப் பார்த்தார். பிறகு, 'முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்தாச்சு, இனிமே என்ன' என்று நினைத்து மறுபடி உட்கார்ந்தார். ஆனால் பாரத்தை முழுதாக விடாமல், பஸ்ஸில் ஓரத்து இடம் கிடைத்தவர் போல நுனியில் உட்கார்ந்தார்.

கோயில்பிள்ளை அந்நேரம் திருப்பண்ட அறையில் மெழுகுத் தண்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பீடம் துடைப்பது, திரி ஏற்றுவது, மணி அடிப்பது எல்லாம் அவர். கர்தினால் வந்தபோதும் அவர்தான். அக்கா படத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அண்ணே, இது என்ன?"

கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "கர்தினால்."

"அது தெரியுது. எதுல உக்காந்திருக்காரு?"

"பிரம்பு நாற்காலில." கோயில்பிள்ளை மறுபடி தேய்க்கத் தொடங்கினார். "அந்தச் சிங்க நாற்காலி அன்னைக்குக் காலையில கால் ஒடிஞ்சு போச்சு தங்கச்சி. பாட்டு மாஸ்டர் சும்மா உக்காந்து பாத்தாரு. மடக்குன்னு ஒரு சத்தம். அப்புறம் என்ன பண்றது, பள்ளிக்கூடத்துல இருந்து இத ஓடிப்போய்த் தூக்கிட்டு வந்தேன். மேல ஒரு துணியப் போட்டோம், அதுவும் வழுக்கி விழுந்திருச்சு."

"அப்ப அந்தக் கயிறு?"

"பெரிய நாற்காலிக்குப் பசை போட்டு ஒட்டினேன். சரியா நிக்கல. யாராவது உக்காந்து விழுந்து வச்சா வம்புன்னு அப்ப இருந்த சாமியார் கயிறு கட்டச் சொன்னாரு. நாலு நாளைக்குத்தான் சொன்னாரு. அதுக்குள்ள அவருக்கு மாற்றல் வந்திருச்சு."

அக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "முப்பத்தெட்டு வருஷமா நீங்க ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கலையே" என்றார் கோயில்பிள்ளை, உண்மையான ஆச்சரியத்தோடு.

அன்று சாயங்காலம் வீட்டில் அக்கா படத்தைக் கணவரிடம் காட்டினார். அவர் படத்தையும் பார்த்தார், மனைவியையும் பார்த்தார்.

"நான் ஆணி அடிச்ச நாற்காலியா?"

"அதேதான்."

"ரோமுக்குப் போகுமா? போகும்னா அந்தப் பட்டியக் கொஞ்சம் பெயிண்ட் அடிச்சுக் குடுத்திருப்பேனே." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "காட்டிரு. உனக்கு ஒரு நல்ல நாற்காலியாவது கிடைக்கும். ஒம்போது மனு செய்யாதத இந்த ஒரு போட்டோ செஞ்சிரும்" என்றார்.

அக்கா படத்தை வாங்கி உறைக்குள் வைத்தார். அவர் மனதில் ஓடியது வேறு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் அவருக்குப் பிறந்த முதல் பிள்ளை நான்கு நாள்தான் இருந்தது. மூன்று வாரம் கழித்து வேலைக்குத் திரும்பியபோது, இறப்புப் பதிவேட்டில் ஒரு வரி மட்டும் காலியாக இருந்தது. அவருக்குப் பதிலாக எழுதியவர்களுக்கு அதை எழுதக் கை வரவில்லை. அக்கா அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, பேனாவில் மை நிரப்பி, அந்த வரியைத் தானே எழுதினார். தேதி, வயது, பெற்றோர் பெயர். எழுதிவிட்டு வலது கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அது நாற்காலிக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். இதற்கு நடுவில் ஒரு கர்தினால் வந்து நிற்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

ஆனாலும் பதிவேட்டில் பொய் எழுதிப் பழக்கமில்லாத கை அது. திங்கட்கிழமை படத்தைப் பங்குத்தந்தையின் மேசையில் வைத்தார். இளவயதுக்காரர், இந்தப் பங்குக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. படத்தைப் பார்த்தவர், கோயில்பிள்ளை சொன்ன கதையையும் கேட்டார். சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

தீர்மானம் சாருக்குச் சிரிப்பு வரவில்லை. முதலில் படமே போலி என்றார். பிறகு, நிழல் அப்படி விழுந்து சிங்கம் மறைந்திருக்கலாம் என்றார். கடைசியில், "இத இப்ப வெளிய சொல்லி என்ன பிரயோஜனம்? ஜனங்க இத்தனை வருஷம் பக்தியோட தொட்டுக் கும்பிட்டிருக்காங்க. மலர்ல ஆறு பக்கம் எழுதி முடிச்சிட்டேன் ஃபாதர்" என்றார்.

"ரோமுக்குப் பொய் எழுத முடியாது சார்."

"பொய்யில்லை. கர்தினால் உட்கார இருந்த நாற்காலின்னு எழுதலாமே. தமிழ்ல அதுக்கு இடம் இருக்கு."

"இத்தாலியன்ல இருக்காது" என்றார் பங்குத்தந்தை.

பேரவை கூடியது. இரண்டு மணி நேரம் விவாதம். பாட்டு மாஸ்டர் இப்போது உயிரோடு இல்லை என்பதால் பழி முழுவதையும் அவர்மேல் போடுவதில் கருத்து வேறுபாடு எழவில்லை. முடிவில் தீர்மானம் நிறைவேறியது: உண்மையான நாற்காலி கண்டெடுக்கப்பட்டது குறித்து இப்பேரவை அளவற்ற மகிழ்ச்சி அடைகிறது. அது தொலைந்துபோயிருந்தது என்பதும் அந்தத் தீர்மானத்தில்தான் முதல்முறையாகச் சொல்லப்பட்டது.

மறுநாள் காலை பத்து மணிக்கு தீர்மானம் சார் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, இரண்டு பேரோடும் ஒரு பட்டுத் துணியோடும் அலுவலகத்துக்கு வந்தார். அக்கா ஒரு திருமணச் சான்றிதழைப் பாதி தட்டச்சு செய்திருந்தார்.

"கொஞ்சம் எழுந்திரிங்கம்மா."

"இந்த ஒரு வரிய முடிச்சிட்டு எழுந்திரிக்கிறேன் சார்."

"இனிமே அதுல உக்காரக் கூடாதும்மா. ஒவ்வொரு நிமிஷமும் அவமரியாதை."

"முப்பத்தொரு வருஷ அவமரியாதையோட இன்னும் ரெண்டு நிமிஷம் சேர்ந்தா ஒண்ணும் ஆகாது சார்." அக்கா வரியை முடித்தார், எழுத்துப் பிழை பார்த்தார், பிறகு எழுந்தார்.

கையுறைக்காரர் திண்டைத் தூக்கிப் பிடித்தார். "இது அப்பவே இருந்ததா?"

"இல்ல சார். அது நான் தச்சது. குடுங்க."

நாற்காலியைப் பட்டுத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். வாசல் நிலையில் ஒருமுறை இடித்தார்கள். போவதற்கு முன் தீர்மானம் சார் ஒரு படிவத்தைக் கொடுத்தார், அவரே தயாரித்தது. 'மேற்படி அருளிக்கம் இடைப்பட்ட காலத்தில் யாரால், எவ்வாறு பயன்படுத்தப்பட்டது? அதற்கு அவமரியாதை ஏதேனும் நேர்ந்ததா?' அக்கா மண்டபத்திலிருந்து வந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நேர்மையாகப் பூர்த்தி செய்தார். தான், தட்டச்சு இயந்திரம் பழுதுபார்ப்பவர், மழைக்கு ஒதுங்கிய ஒரு பூனை, அது ஈன்ற மூன்று குட்டிகள். பல்பு மாற்ற ஏறியது பதினாறு முறை. அதில் செருப்போடு ஏறியது எத்தனை என்று நினைவில்லை.

அந்தப் படிவம் ரோமுக்குப் போகவில்லை. போட்டோவும் இரண்டு பக்க விளக்கமும் மட்டும் போயின.

இப்போது இன்னொரு சிக்கல். சிங்க நாற்காலியை என்ன செய்வது? கம்பங்களையும் கயிற்றையும் கழற்றிப் பிரம்பு நாற்காலிக்குக் கட்டிவிட்டார்கள். வெறுமனே நின்ற சிங்க நாற்காலி, பதவி போன மந்திரி மாதிரி எல்லோருக்கும் சங்கடம் கொடுத்தது. சாமான் அறைக்கு அனுப்பிவிடலாம் என்றார் தீர்மானம் சார்.

"எதுக்கு?" என்றார் பங்குத்தந்தை. "ஆபீஸ்ல அக்கா பிளாஸ்டிக் நாற்காலில உக்காந்திருக்காங்க. காலச் சரி பண்ணி அங்க போட்ருங்க."

கோயில்பிள்ளை இந்த முறை பசையை நம்பாமல் இரும்பு போல்ட் முடுக்கினார். முப்பத்தெட்டு வருடம் முன்பே அதைச் செய்திருந்தால் இவ்வளவு வரலாறு இருந்திருக்காது.

அக்கா முதல் நாள் அதில் உட்கார்ந்தபோது கால் தரையைத் தொடவில்லை. மேசை பள்ளத்தில் கிடந்தது. கம்ப்யூட்டருக்கு அடியில் நான்கு பழைய பதிவேட்டு அட்டைகளை அடுக்கி உயர்த்தினார். காலுக்கு ஒரு மரப்பெட்டி. முதுகுக்குத் திராட்சைக் கொடி உறுத்தியது. திண்டை அங்கே மாற்றினார். ஒரு வாரத்தில் முதுகுவலி குறைந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அற்புதம், புதுமை என்று எழுதிவிடுவார்கள்.

ஆனால் வேறொன்றை எல்லோரும் கவனித்தார்கள். சான்றிதழ் கேட்டு வருகிறவர்கள் முன்பெல்லாம் வாசலிலிருந்தே கத்துவார்கள். "என்னக்கா, ஒரு பேப்பருக்கு எத்தனை நாள் நடக்குறது?" இப்போது அதே ஆட்கள் உள்ளே கால் வைத்ததும் குரலைத் தாழ்த்தினார்கள். சிங்க முகத்தைப் பார்த்ததும் சிலருக்குக் கை தானாக நெற்றிக்குப் போனது. பாதியில் நினைவு வந்து தலையைச் சொறிந்துகொண்டார்கள். மூட்டுவலி அம்மாள் நேரே அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"அங்க வச்சிருக்கிறது எனக்குப் பழக்கமில்லம்மா. நான் இங்கயே ஒரு ஓரமா நின்னு ஜெபமாலை சொல்லிக்கிறேன். நீ உன் வேலையப் பாரு."

அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டார்.

விழா நடந்தது. ஆயர் வந்தார். பிரம்பு நாற்காலிமேல் தீர்த்தம் தெளித்தார். மலரில், வரலாற்றுப் பகுதியின் எட்டாம் பக்கத்தில் முழுப்பக்கப் படம்: 'பல்லாண்டு தேடலுக்குப் பின் கண்டெடுக்கப்பட்ட திருநாற்காலி, பங்குப் பேரவைச் செயலாளருடன்.' ஆபீஸ் அக்காவின் பெயர் கடைசிப் பக்கத்தில், மெய்ப்பு பார்த்தவர்கள் வரிசையில் இருந்தது. அதில் ஓர் எழுத்துப் பிழை.

ரோமிலிருந்து பதில் வர ஐந்து மாதம் ஆனது. அக்காதான் பிரித்தார். ஆங்கிலத்தில், மிகுந்த மரியாதையோடு எழுதியிருந்தார்கள். உங்கள் அன்புக்கு நன்றி. ஆனால் கர்தினால் தமக்கென வைத்திருந்த, உடுத்திய, அன்றாடம் புழங்கிய பொருள்களை மட்டுமே அருளிக்கமாக ஏற்க இயலும். ஒருமுறை அமர்ந்த இருக்கைகளைச் சேர்ப்பதற்கில்லை. அவர் நிறையப் பயணம் செய்தவர் என்பதை நீங்கள் அறிவீர்கள். இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு நாற்காலிகள் குறித்து எங்களுக்குக் கடிதங்கள் வந்துள்ளன.

அக்கா இரண்டு முறை படித்தார். திருப்பண்ட அறையில் நின்ற பங்குத்தந்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் படித்துவிட்டு இந்த முறை ஜன்னல் பக்கம் திரும்பவில்லை, வாய்விட்டே சிரித்தார்.

"அன்றாடம் புழங்கினதுன்னு பாத்தா, அது உங்க அருளிக்கம்க்கா. வேணும்னா சொல்லுங்க, இன்னைக்கே கயித்த அவுத்து எடுத்துட்டு வரச் சொல்றேன்."

அக்கா திறந்திருந்த கதவு வழியே கோயிலுக்குள் பார்த்தார். பீடத்துப் பக்கம் வெயில் விழுந்திருந்தது. வலது கைப்பிடியின் கருகல் அங்கிருந்தே தெரிந்தது. யாரோ ஓர் இளம்பெண், வயிற்றில் பிள்ளையோடு, கயிற்றுக்கு வெளியே முழந்தாளிட்டிருந்தாள். கண்ணை மூடி, உதடு அசைய, அவசரமே இல்லாமல் எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இருக்கட்டும் ஃபாதர்" என்றார் அக்கா. "அங்கயே இருக்கட்டும்."

தீர்மானம் சார் பதினொரு மணிக்கு வந்தார். தினமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "ரோம்ல இருந்து ஏதாவது?"

"வந்துச்சு சார். படிக்கவா?"

அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். நாற்பது வருடம் பரீட்சைத் தாள் திருத்தியவருக்கு மதிப்பெண்ணைத் திறந்து பார்க்காமலே தெரிந்துவிடும். இரண்டு சிங்கங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த ஆபீஸ் அக்காவுக்கு முன்னால், தன்னை அறியாமல் கைகட்டி நின்றார்.

"நல்லாயிருக்காங்களாமா?" என்று மட்டும் கேட்டார்.

"நல்லாயிருக்காங்க சார். நன்றி சொல்லியிருக்காங்க."

"அப்ப ஃபைல்ல வச்சிருங்கம்மா."

"எந்த ஃபைல்ல சார்? வரலாறா, திருப்பண்டமா?"

தீர்மானம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். மெதுவாக வெளியே போனார். அக்கா எழுந்து, 'தளவாடம் – மேசை, நாற்காலி' என்று எழுதிய கோப்பை எடுத்துக் கடிதத்தைத் துளையிட்டுக் கோத்தார். வாசலில் ஒருவர் மகளின் ஞானஸ்நானச் சான்றிதழுக்காக வந்து, கூப்பிடுவார்களா என்று தயங்கி நின்றிருந்தார்.

"உள்ள வாங்க" என்றார் அக்கா. "பிள்ளை பேரச் சொல்லுங்க."